ஸ்லைட் கோணலாகப் போய்ப் பாதியில் நிற்கிறது: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டதை, மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் செய்த பெரிய கேரவன் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். சோபா இருக்கும் பக்கத்தில் ஒரு ஸ்லைட் உண்டு, அதாவது பட்டனை அழுத்தினால் சுவரோடு சேர்ந்து வெளியே நகரும் அறை. அது வெளியே போகும்போது ஒரு முனை முந்துகிறது, மறுமுனை பிந்துகிறது, பிறகு பாதியில் நின்றுவிடுகிறது. மழை பெய்தால் உள்மூலையில் தரை நனைகிறது. அப்பா "டபிள்யூடி-40 அடி, சரியாகும்" என்கிறார். ஒர்க்‌ஷாப்பில் "இரண்டு மோட்டாரையும் மாற்ற வேண்டும்" என்கிறார்கள். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த கையோடு குடும்பமாக டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகத் திட்டம்.

தம்பி, இப்போதைக்கு மோட்டாரும் வாங்க வேண்டாம், ஸ்ப்ரேயும் அடிக்க வேண்டாம். ஸ்லைட் தகராறு செய்தால் எல்லோருடைய கையும் பல்சக்கரத்துக்கும் மோட்டாருக்கும்தான் போகிறது. நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் ஆரம்பிக்கிறது: ஒன்று மின்சாரம், இன்னொன்று தண்ணீர். இந்த இரண்டையும் சரியாகப் பார்த்துவிட்டால் இயந்திரத்தைத் தொடவேண்டிய வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

எந்த வகை ஸ்லைட் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்லைடை எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியே விட்டு, வெளியில் நின்று அதன் பக்கச் சுவரைப் பாருங்கள். மேலே ஒன்று கீழே ஒன்று என்று பல் வெட்டிய அலுமினியச் சட்டங்கள் தெரிந்தால் அது சுவருக்குள்ளேயே இயங்கும் வகை. ஸ்விண்டெக் என்ற பெயரில் வந்தது, 2010-லிருந்து லிப்பர்ட் கம்பெனியின் கையில் இருக்கிறது. அடியில் பருத்த இரும்புச் சட்டங்கள் சேசிஸுக்குள் (வண்டியின் அடிச்சட்டம்) போய்வந்தால் ரேக்-பினியன் வகை, அதாவது பல்சக்கரம் பல் சட்டத்தைத் தள்ளும் வகை, அல்லது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக். நான்கு மூலையிலும் எஃகுக் கயிறு தெரிந்தால் கேபிள் வகை. 1990-ல் நியூமார் கம்பெனி முதன்முதலில் ஸ்லைட் வைத்த வண்டியைக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை ஓடுவது பெரும்பாலும் இந்த வகைகள்தான். நம்மூரில் செய்த கேரவன்களில் ஸ்லைட் அபூர்வம். அதனால்தான் இதில் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் அபூர்வம்.

ஒரு முனை முந்தி ஒரு முனை பிந்துகிறது என்றால் உங்களுடையது சுவருக்குள் இயங்கும் வகையாகத்தான் இருக்கவேண்டும். மற்ற வகைகளில் பெரும்பாலும் ஒரே மோட்டார் இரண்டு முனையையும் தண்டாலோ கயிற்றாலோ சேர்த்து இழுக்கும். இதில் மட்டும் முனைக்கு ஒரு மோட்டார். இரண்டுக்கும் நடுவே இரும்புத் தண்டு எதுவும் கிடையாது, ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டுதான் இரண்டும் சமமாகச் சுற்றுகின்றனவா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒரு மோட்டாருக்கு மின்சாரம் கொஞ்சம் குறைவாகப் போனாலும், எண்ணிக்கை கொண்டுவரும் மெல்லிய ஒயரில் பச்சை பிடித்தாலும், கணக்கு தப்பி போர்டு நிறுத்திவிடும். அப்படி நிற்பது நல்லதுதான். நிற்காமல் இழுத்தால் சுவர் முறுக்கிக்கொள்ளும்.

இப்போது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. 12.0 என்று காட்டினால் விளக்கு எரியும், தண்ணீர் பம்ப் ஓடும், அதைப் பார்த்துவிட்டு பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் அதில் முக்கால்வாசி தீர்ந்துபோயிருக்கும். ஸ்லைட் மோட்டார் கிளம்பும்போது ஒரு விளக்கு கேட்பதைப் போலப் பல மடங்கு ஆம்பியர் கேட்கும். அதனால் ஓய்வில் அளந்தது போதாது. ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஓடும்போது 11-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே குற்றவாளி. லோட்-ஷெட்டிங் காலத்தில் கேரவன் பேட்டரியைக் கழற்றி வீட்டு இன்வெர்ட்டருக்குப் போட்டுக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அப்படி அடிக்கடி முழுவதும் காலியான லெட்-ஆசிட் பேட்டரி பிறகு 12.6 காட்டினாலும் பாரம் தாங்காது.

பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்தது எர்த் இணைப்பு. டர்பனில் இருப்பவர்கள் இதை விட்டுவிடவே கூடாது. கடல் காற்று நமக்குப் பழகிப்போய்விட்டது, செம்பு ஒயருக்குப் பழகவில்லை. பேட்டரியின் மைனஸ் ஒயர் சேசிஸில் ஒரு போல்ட்டில் முடியும். கேரவனின் முன்பக்கம் குனிந்து அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கின் மேலே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். போல்ட்டைக் கழற்றி லக்கைத் திருப்பினால் அடியில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் படிந்திருக்கும், சேசிஸ் இரும்பில் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் வழியாகத்தான் ஸ்லைடின் மொத்த மின்சாரமும் திரும்பி வரவேண்டும். கழற்றாமலே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையைக் கன்ட்ரோலர் போர்டின் எர்த் ஒயரிலும் வைத்து ஸ்லைடை ஓட்டுங்கள். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ துரு இருக்கிறது. உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும் வரை தேய்த்து, புதிய லக், பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். அதே சோதனையைப் பிளஸ் பக்கமும் செய்யுங்கள். பேட்டரி அருகே இருக்கும் ஃப்யூஸ் அல்லது தானாக மீளும் பிரேக்கரின் இரண்டு ஆணியும் அதே மாதிரி அரித்துப்போகும்.

டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மோட்டாரும் அமெரிக்காவிலிருந்து வரவழைத்து மாற்றினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தார், பெரிய பில் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் அதே கோணல். கடைசியில் அது எர்த் போல்ட். உங்களிடம் முதல் பேச்சிலேயே இரண்டு மோட்டார் என்று சொன்னதாக எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வோல்ட் அளந்து காட்டாமல் மோட்டார் போச்சு என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இங்கே இறக்குமதி வண்டிக்கே உரிய ஒரு விஷயம். அமெரிக்கக் கேரவனின் உள்ளே 12 வோல்ட் பேட்டரியை நிரப்பும் கன்வெர்ட்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் பிளக்கில் வருவது 230. இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் யாராவது ஒருமுறை சொருகியிருந்தாலும் கன்வெர்ட்டர் போயிருக்கும். முந்தின சொந்தக்காரர் என்ன செய்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சோதனை எளிது. கேரவனை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மெயின்ஸில் இணைத்த பிறகு பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவே இல்லை. அப்போது பழைய கன்வெர்ட்டரோடு மல்லுக்கட்டாமல், நம்மூர்க் கடையில் கிடைக்கும் 230 வோல்ட் சார்ஜர் ஒன்றை நேராகப் பேட்டரிக்குப் போட்டுவிடுவது என் யோசனை. 230 வோல்ட் பக்கத்து வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

மின்சாரம் சரியான பிறகுதான் ஸ்லைடுக்குக் கணக்கை மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். வண்டி மட்டமாக நிற்கட்டும். முழுவதும் வெளியே ஓட்டுங்கள். சுவர் முட்டினதும் விரலை எடுக்காதீர்கள். இரண்டு மோட்டாரும் தாங்களாகவே ஓய்ந்து நிற்கும் வரை பட்டன் அழுத்தியபடியே இருக்கவேண்டும். பிறகு ஓரிரு அங்குலம் உள்ளே இழுத்து மறுபடி முழுக்க வெளியே, மறுபடி அதே மாதிரி. சில தடவை செய்ததும் இரண்டு முனையும் ஒன்றாகப் போய் ஒன்றாக நிற்கும். பலர் வீட்டில் ஸ்லைட் முட்டும் சத்தம் கேட்டதும் பட்டனை விட்டுவிடுவார்கள். பிந்திய முனை இன்னும் போய்ச்சேராத நிலையில் விடுவதால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணல் சேர்ந்து ஒரு நாள் பாதியில் நிற்கும். உங்கள் வீட்டில் பட்டனை அழுத்துகிறவர் எவரோ, அவருக்கு இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

வெளியூரில் மாட்டிக்கொண்டு உள்ளே இழுக்க முடியவில்லை என்றால் கன்ட்ரோலர் போர்டைத் தேடுங்கள். சாமான் பெட்டிக்குள்ளோ படிக்குக் கீழோ இருக்கும். அதில் சிமிட்டும் விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள், கோளாறு எது என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து பின்னால் கண்டுபிடிக்கலாம். பிறகு போர்டில் உள்ள மோட் பட்டனை ஆறு தடவை விரைவாக அழுத்தி, ஏழாவது தடவை ஐந்து வினாடி அளவு பிடித்திருந்தால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து சிமிட்டும். அப்போது சுவர் சுவிட்சால் உள்ளே இழுக்கலாம். இந்த நிலையில் கணக்குப் பார்க்கும் காவல் இல்லை, அதனால் ஒருவர் வெளியே நின்று இரண்டு முனையையும் பார்த்துக் குரல் கொடுக்கவேண்டும். ஒரு முனை முந்தினால் நிறுத்தி, பிந்துகிற முனையை ஆளாகத் தள்ளிக் கொடுங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் இரண்டு மோட்டார் ஒயரையும் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, நாலைந்து பேர் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் மெதுவாகத் தள்ள வேண்டும். நடுச்சுவரில் கை வைக்கக் கூடாது. உள்ளே போனதும் ஒயர்களைத் திரும்பச் சொருகி, அறை நகராமல் உள்பக்கம் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். அப்படியே வீடு வந்து சேருங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். உள்மூலையில் ஈரம் என்று எழுதியிருந்தீர்கள். கோணலை விட எனக்கு அதுதான் கவலை. மோட்டாரை மாற்றலாம், உளுத்துப்போன ஸ்லைட் தரையை மாற்றுவது கேரவனைப் பிரித்துக் கட்டுகிற வேலை.

ஸ்லைடைச் சுற்றி இரண்டு வகை ரப்பர் இருக்கும். குழாய் மாதிரி உருண்டையாக அமுங்குவது ஒன்று. நாக்கு மாதிரி நீண்டு சுவரைத் துடைத்துக்கொண்டு போவது இன்னொன்று. ஸ்லைட் வெளியே வந்து நின்றதும் துடைக்கும் நாக்கு வெளிப்பக்கம் பார்த்து விரிந்திருக்கவேண்டும். கீழ் மூலைகளில் மட்டும் அது உள்பக்கமாக மடிந்து கிடக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மடிந்த நாக்கு மழைத்தண்ணீரைச் சேகரித்து நேராகத் தரைப் பலகையின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். விரலை விட்டு நெடுகத் தடவிப் பாருங்கள், மடிந்த இடத்தில் விரல் தடுக்கும். வெளியே இழுத்துவிட்டாலே பல சமயம் கசிவு நின்றுவிடும். இன்னொன்று, அமெரிக்காவில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் ஸ்லைட் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். நம்மூரில் இடப்பக்கம்தான் சாலையோரம். மரக்கிளையும் புதரும் உரசுவது அந்தப் பக்க ரப்பரைத்தான். அதனால் அந்தப் பக்க மேல் மூலையை ஏணி வைத்துப் பாருங்கள்.

அப்பாவின் ஸ்ப்ரே யோசனைக்கு வருகிறேன். அந்த ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம் வகை. வெயிலையும் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகாது, ஊறி உப்பி வடிவம் இழந்துவிடும். டபிள்யூடி-40, கிரீஸ், வாஸ்லின் மூன்றும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. எர்த் போல்ட்டுக்கு வாஸ்லின் சொன்னேனே, அது இரும்புக்கு மட்டும். ரப்பருக்கு சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் ரப்பருக்கென்றே விற்கும் சிலிகான் கண்டிஷனரை மெல்லிசாகத் தடவுங்கள். சவுத் கோஸ்ட்டில் கடலோரம் போட்டுவிட்டு வந்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை ரப்பர் மேல் காட்டாதீர்கள், மழையே நுழையாத இடத்திலும் அது தண்ணீரை நுழைத்துவிடும்.

எப்போது பார்ப்பது என்றால், நம் பக்கம் மழை கோடையில், ஆகவே செப்டம்பரில் ஒரு தடவை எல்லா ரப்பரையும் பார்த்துவிடவேண்டும். கேப் டவுன் பக்கம் மழை குளிர்காலத்தில், அவர்களுக்கு அந்த வேலை ஏப்ரலில். உள்நாட்டு மேட்டுநிலமான ஹைவெல்டில் ஆலங்கட்டி விழும், ஸ்லைடுக்கு மேலே கூரைத்துணி கட்டியிருந்தால் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கிழிசல் பார்க்கவேண்டும். கூரைத்துணி இல்லாத வண்டியில் ஸ்லைடை உள்ளே இழுப்பதற்கு முன் மேலே ஏறி இலையையும் சுள்ளியையும் கூட்டித் தள்ளியே ஆகவேண்டும். அப்படியே இழுத்தால் அந்தக் குப்பை ரப்பருக்கு அடியில் போய் அடைந்து, அடுத்த மழைக்கு வழி திறந்து வைக்கும்.

தரை ஏற்கெனவே உளுத்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்லைடை வெளியே விட்டு அடியில் படுத்துக்கொண்டு பாருங்கள். பலகைக்கு அடியில் கறுப்பு நிறத்தில் பாய் மாதிரி நெய்த பிளாஸ்டிக் போர்வை ஒட்டியிருக்கும். அதில் கிழிசல் இருந்தால் அங்கே ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையால் மெதுவாகக் குத்துங்கள். நல்ல பலகை டக் என்று எதிர்க்கும். உளுத்தது ஈரமான கேக்கில் குத்தினது போல வாங்கிக்கொள்ளும். விளிம்பில் ஓரிரு அங்குலம் மட்டும் என்றால் காயவைத்து, எபாக்சி பிசின் ஊற்றிக் கெட்டிப்படுத்தி, கிழிசலை அதற்கென்ற டேப்பால் ஒட்டிவிடலாம். உருளைகள் ஓடும் இடத்தில் மிருதுவாக இருந்தால் ஒட்டுவேலை பலிக்காது. மேலே ஸ்லைடின் எடை முழுக்க அந்தக் கோட்டில்தான் விழுகிறது, அங்கே பலகை அமுங்கினால் ஸ்லைட் தாழ்ந்து, மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திணறும். கோணலும் ஈரமும் ஒரே முனையில் இருக்கின்றனவா என்று தவறாமல் பாருங்கள். ஒரே முனை என்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்.

எண்ணெய் போடுவது பற்றி அதிகம் இல்லை. உங்கள் வகைக்குப் பல் சட்டத்தைச் சுத்தமாக வைத்தால் போதும், கீச்சிட்டால் மட்டும் காய்ந்த படலமாக நிற்கும் டிரை லூப் கொஞ்சம். கிரீஸ் வேண்டவே வேண்டாம். வறண்ட காரூ பக்கம் மண் சாலையில் ஒரு நாள் ஓட்டினாலே செம்புழுதி அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும். புழுதிச் சாலையில் போய்வந்தால் ஸ்லைடை வெளியே விட்டு, பெயின்ட் பிரஷால் பல்லைத் துடைத்த பிறகு உள்ளே இழுங்கள்.

மற்ற வகை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: ரேக்-பினியனில் மோட்டார் சுற்றியும் அறை நகரவில்லை என்றால் தண்டை இணைக்கும் சிறு ஆணி அறுந்திருக்கும், சின்னச் செலவு. ஹைட்ராலிக்கில் எண்ணெய் அளவை எல்லா ஸ்லைடும் உள்ளே இருக்கும்போதுதான் பார்க்கவேண்டும், பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் போடும் ஏ.டி.எஃப் எண்ணெய்தான். குழாய் வெடித்தால் அமெரிக்காவை எதிர்பார்க்க வேண்டாம், கரும்புத் தோட்ட டிராக்டருக்கும் துறைமுக இயந்திரத்துக்கும் ஹோஸ் செய்யும் கடைகளில் அதே அளவில் செய்து தருவார்கள். கேபிள் வகையில் கயிற்றின் ஒரு இழை பிரிந்து முள்ளாக நின்றாலும் மாற்றிவிடவேண்டும், முறுக்கி இறுக்கிச் சமாளிக்கக் கூடாது.

மலைப் பயணத்துக்கு முன் வீட்டு முற்றத்திலேயே முழுக்க வெளியே, முழுக்க உள்ளே என்று ஒரு சனிக்கிழமை ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் வண்டியான பக்கி கேரவனோடு இணைந்திருந்தால் என்ஜினை ஓடவிட்டு அளப்பதில் அர்த்தமில்லை, தனியாக நிறுத்தி அளந்தால்தான் பேட்டரியின் உண்மை தெரியும். முகாமில் முதலில் மட்டம் பார்த்து நிறுத்தி, பிறகுதான் ஸ்லைட். குழந்தைகளை அந்த நேரம் உள்ளே விடாதீர்கள். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே கை வைத்து விளையாடும் வயது என்றால் ஒரு பெரியவர் கூடவே நிற்கவேண்டும். ஈஸ்டருக்குள் கோளாறு தீரவில்லையென்றாலும் பயணத்தை நிறுத்தவேண்டாம், ஸ்லைடைத் திறக்காமலே போய்வாருங்கள். இடம் நெருக்கடிதான், ஆனால் மலையில் திறந்து மாட்டிக்கொள்வதற்கு அது எவ்வளவோ மேல்.

எல்லாம் பார்த்தும், இரண்டு மோட்டார் முனையிலும் ஓடும்போது ஒரே அளவு வோல்ட் வந்தும், ஒன்று மட்டும் திணறினால் அப்போது அந்த ஒரு மோட்டார்தான் கெட்டது. ஒன்றுக்கு ஆர்டர் போடுங்கள். மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் போர்டின் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள், வண்டியின் பெயரை வைத்துக் கேட்டால் தவறான பாகம் வந்துவிடும். ரப்பருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்து டர்பனில் ரப்பர் ப்ரொஃபைல் விற்கும் கடையில் காட்டுங்கள், குறுக்குவெட்டு அப்படியே பொருந்துகிறதா என்று கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.